செயின்சாவுக்கு எந்த ஆயில், எவ்வளவு?

இரண்டு ஸ்ட்ரோக் செயின்சாவின் எஞ்சினில் ஆயிலுக்கெனத் தனி இடம் கிடையாது. பெட்ரோலோடு கலந்து வரும் டூ-டி ஆயில்தான் பிஸ்டனையும் பேரிங்கையும் காக்கிறது. வெறும் பெட்ரோலில் ஓட்டினால் பிஸ்டனில் கோடு விழுந்து எஞ்சின் இறுகிவிடும்.

இன்றைய இயந்திரங்கள் பெரும்பாலானவற்றுக்கு 50-க்கு 1 என்பதே அளவு: லிட்டருக்கு 20 மில்லி, ஐந்து லிட்டருக்கு 100 மில்லி. கையேட்டில் 25-க்கு 1 என்றிருந்தால் 40 மில்லி. கண்ணளவாக மூடியில் ஊற்றுவது ஆபத்து. ஆயில் கூடினாலும் புகையும் கரியும் சேர்ந்து பிளக் அடைத்துக்கொள்ளும்.

டப்பாவில் 'ஜாசோ எஃப்.டி.' என்ற தரக்குறி இருந்தால் நல்லது. படகு மோட்டார் ஆயில், தண்ணீரால் குளிரும் எஞ்சினுக்கானது. காற்றால் குளிர்ந்து கடும் சூட்டில் சுழலும் செயின்சாவுக்கு அது ஆகாது.

பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால்தான் உண்மையான தலைவலி. இந்திய பங்க்குகளில் அது 20 விழுக்காடு வரை வந்துவிட்டது. 10-ஐத் தாண்ட வேண்டாம் என்கின்றன பல கையேடுகள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், கார்புரேட்டரின் ரப்பர் டயாஃப்ரத்தைக் கெடுக்கும். ஆகவே ஒரு மாதத்துக்குள் தீரும் அளவே கலக்க வேண்டும். ஊற்றுமுன் கேனை நன்றாகக் குலுக்க வேண்டும். நெடுநாள் நிறுத்துவதானால் டேங்கைக் காலிசெய்து, எஞ்சின் தானே அணையும்வரை ஓட்டிவிட வேண்டும்.