சின்ன யானைக்கு ஒரு குடை

போன ஐப்பசி மழையில அப்பாவோட டாடா ஏஸ், அதான் நம்ம ‘சின்ன யானை’, அதுல ஏத்தின வெங்காயம் பாதி நனைஞ்சுபோச்சு. இத்தனைக்கும் தார்ப்பாய்ல ஒரு ஓட்டைகூட இல்ல!

தட்டையா கட்டினதுதான் தப்பு. 3 அடிக்கு 3 அடி இடத்துல 4 அங்குலம் தண்ணி நின்னாலே 80 கிலோவைத் தாண்டும். தார்ப்பாய் தொய்ஞ்சு, ஓரம் உள்ள இழுத்துக்கும். தண்ணி நேரா மூட்டை மேலதான்.

இந்த வருஷம் 3 இரும்புப் பைப்பைப் பட்டறையில வில்லு மாதிரி வளைச்சு வாங்கி, நாங்களே மாட்டினோம். உச்சியில நீளவாக்குல இன்னொரு பைப். உரசிக் கிழியாம இருக்க, முனைகள்ல பழைய சைக்கிள் ட்யூப் சுத்தினோம். ஓரத்தை பாடிக்கு வெளியே தொங்கவிட்டு, கயிறு போட்டு இறுக்கியாச்சு.

இப்போ மழை வந்தா அப்பா வண்டியை ஓரங்கட்டுறதில்ல. வைப்பர் மட்டும் போடுறார்.