மூவினைப் போட்டியும் கடைசிப் பதினைந்து நாட்களும்



நீந்துதல், சைக்கிள் ஓட்டுதல், ஓடுதல் ஆகிய மூன்றையும் இடையே ஓய்வின்றி ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து முடிக்கும் போட்டிக்கு டிரையத்லான் என்று பெயர். கிரேக்க மொழியில் மூன்று என்றும் போட்டி என்றும் பொருள்படும் இரு சொற்கள் சேர்ந்து பிறந்த பெயர் அது. நாம் இதனை மூவினைப் போட்டி என்று சொல்லிக்கொள்ளலாம்.

இப்போட்டியின் வரலாறு நீண்டதன்று. 1974ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் தேதி மாலையில், அமெரிக்காவின் சான் டியாகோ நகரில், மிஷன் விரிகுடாக் கரையில், அவ்வூர் ஓட்டக் கழகத்தார் இதனை நடத்தினர். 46 பேர் கலந்துகொண்டனர். நான்கு ஆண்டுகள் கழித்து, 1978 பிப்ரவரி 18ஆம் தேதி, ஜான் காலின்ஸ் என்னும் கடற்படை அதிகாரியின் யோசனைப்படி ஹவாய்த் தீவுகளில் ஒன்றான ஓவாஹூவில் நெடுந்தூரப் போட்டி நடந்தது. ஏறக்குறைய 3.8 கிலோமீட்டர் கடல் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதன்மேல் 42.2 கிலோமீட்டர் ஓட்டம். 15 பேர் தொடங்கினர். 12 பேர் முடித்தனர்.

அந்த நெடுந்தூரத்தில் சரிபாதி கொண்ட போட்டியைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். இதில் நீச்சல் 1.9 கிலோமீட்டர், சைக்கிள் 90 கிலோமீட்டர், ஓட்டம் 21.1 கிலோமீட்டர், ஆக மொத்தம் 113 கிலோமீட்டர். பொதுவாக எட்டரை மணி நேரத்துக்குள் இதனை முடித்தாக வேண்டும். மாண்டவி ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில், பணஜி நகரின் மிராமார் கடற்கரையில், 2019 அக்டோபரில் இத்தகைய போட்டி ஒன்று தொடங்கப்பட்டது. பெருந்தொற்றினால் இடையில் நின்று, 2022இல் மீண்டும் நடந்தது. அலுவலகங்களில் பணி செய்வோர், குடும்பப் பொறுப்புள்ள ஆடவர் பெண்டிர், ஐம்பது வயதைக் கடந்தவர்கள் எனப் பலரும் இதில் இறங்குகிறார்கள்.

பள்ளி ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு இதில் என்ன அக்கறை என்று நீங்கள் கேட்கலாம். என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர், இன்று நாற்பது வயதைக் கடந்த குடும்பஸ்தர், இப்போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தார். ஒருநாள் என்னைக் காண வந்தவர், "ஐயா, இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது. முழுத் தூரத்தையும் ஒரே மூச்சில் நான் இதுவரை செய்து பார்த்ததில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை செய்து பார்த்துவிடட்டுமா? பயிற்சியாளர் கூடாது என்கிறார். எனக்கு மனம் கேட்கவில்லை" என்றார். அவர் கேட்டது எனக்குப் புதிய கேள்வியன்று. தேர்வுக்கு முதல்நாள் இரவு முழுவதும் கண்விழித்துப் பாடம் அனைத்தையும் மறுபடி படிக்க விரும்பும் மாணவனின் கேள்வியே அது. அதனால் இவ்விஷயத்தைப் பற்றி அறிந்தவர்களைக் கேட்டும், நூல்களைப் படித்தும் தெரிந்துகொள்ள முற்பட்டேன். தெரிந்துகொண்டதன் சாரத்தைச் சுருங்கச் சொன்னால், இறுதி நாட்களில் புதிதாகச் சேர்ப்பதற்கு ஒன்றும் இல்லை. சேர்த்ததைக் காப்பதே வேலை.

பயிற்சியினால் உடல் வலிமை பெறுகிறது என்கிறோம். நுணுகிப் பார்த்தால், பயிற்சி உடலைத் தேய்க்கிறது. அதன்பின் வரும் ஓய்வே தேய்ந்ததைச் சரிசெய்து, முன்னிலும் சற்று உறுதியாகக் கட்டித் தருகிறது. ஆதலால் போட்டிக்குச் சில நாட்கள் முன்னர்ச் செய்யும் கடும் பயிற்சி, தேய்மானத்தை மட்டும் தந்துவிட்டுப் பலனைத் தர நேரமின்றிப் போய்விடும். பல ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து 2007இல் வெளியான கட்டுரை ஒன்று, இரண்டு வார காலத்தில் பயிற்சியின் அளவை 41 முதல் 60 விழுக்காடு வரை குறைப்பதே சிறந்தது என்று கூறுகிறது. குறைக்க வேண்டியது அளவையே, வேகத்தையன்று. பயிற்சி செய்யும் நாட்களையும் குறைக்க வேண்டுவதில்லை. வாரத்துக்குப் பத்து மணி நேரம் பயின்று வந்தவர், முதல் வாரம் ஆறரை மணியும் இறுதி வாரம் நான்கு மணியும் பயின்றால் போதும். நாள்தோறும் சிறிது நேரம், இடையிடையே போட்டிக்குரிய வேகத்தில் சில நிமிடங்கள், பிறகு ஓய்வு. இவ்வளவே.

கேட்பதற்கு எளிதாக இருக்கும் இது, செய்வதற்கு மிகக் கடினம். மாதக்கணக்கில் விடியற்காலையில் எழுந்து பழகியவருக்குச் சும்மா இருப்பதே தண்டனையாகத் தோன்றும். முழங்காலில் இல்லாத வலி இருப்பது போலிருக்கும், கால்கள் கனக்கும், கற்றதெல்லாம் மறந்துவிட்டது போன்ற அச்சம் எழும். தேர்வு நெருங்கிய நாட்களில் நன்றாகப் படித்த பிள்ளைகளே இவ்வாறு கலங்குவதை முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கண்டிருக்கிறேன். அக்கலக்கத்தைப் போக்கிக்கொள்ளவே பலர் நெடுந்தூரம் ஓடிக் களைத்து, காயமும் பட்டுக்கொள்கின்றனர். பதறாத காரியம் சிதறாது என்பது நம் முன்னோர் வாக்கு.

அடுத்ததாக உணவு. நம் தசைகளும் ஈரலும் மாவுச்சத்தைக் கிளைகோஜன் என்னும் பொருளாக்கிச் சேமித்து வைக்கின்றன. 1966ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர்களான பெர்க்ஸ்டிராம், ஹல்ட்மன் ஆகிய இருவரும் தம் உடலையே சோதனைக்கு உட்படுத்தினர். ஒரே பயிற்சிச் சைக்கிளின் இருபுறமும் அமர்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும் மிதித்துக் களைத்தனர். பின்னர் மூன்று நாட்கள் மாவுச்சத்து மிகுந்த உணவை உண்டு, இரு கால்களின் தசையையும் எடுத்துப் பார்த்தனர். உழைத்த காலில், ஓய்ந்திருந்த காலைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு கிளைகோஜன் சேர்ந்திருந்தது. உழைத்துப் பழகிய தசைக்கு உரிய உணவைத் தந்தால் அது மிகுதியாகச் சேமித்துக்கொள்ளும் என்பது இதனால் விளங்கிற்று. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

ஆகவே போட்டிக்கு முந்தைய இரண்டு நாட்களில், உடல் எடையில் கிலோ ஒன்றுக்குச் சுமார் 10 கிராம் மாவுச்சத்தை நாள்தோறும் உண்ணுமாறு வல்லுநர் கூறுகின்றனர். 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 600 கிராம் ஆகும். சோறு ஒன்றினாலேயே இதனைப் பெறுவதாயின் இரண்டு கிலோவுக்கு மேல் உண்ண வேண்டியிருக்கும். ஆதலால் சோறு, இட்லி, இடியாப்பம், வாழைப்பழம், பானகம் எனப் பலவாறாகப் பகுத்து, சிறிது சிறிதாகப் பல வேளை உண்பதே தக்கது. எண்ணெய்ப் பண்டங்களையும், கீரையையும், பயறு வகைகளையும் அவ்விரு நாட்களுக்கு ஒதுக்கிவைத்தால் வயிறு இலேசாக இருக்கும். கிளைகோஜன் ஒரு கிராம் சேரும்போது சுமார் மூன்று கிராம் நீரும் உடன் சேர்வதால், எடை ஓரிரு கிலோ கூடக்கூடும். அதனைக் கொழுப்பென்று எண்ணி அஞ்சி உணவைக் குறைத்தல் பெரும்பிழை. போட்டியன்று காலை, மூன்று மணி நேரம் முன்னதாகவே பழகிய எளிய உணவை உண்டு முடிக்க வேண்டும். விடுதியில் கிடைக்கும் புதுப் பண்டம் எதையும் அன்று தொடலாகாது.

நீரைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். வெயிலில் உழைப்பவர் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று மட்டுமே நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். அளவுக்கு மிஞ்சிக் குடித்தால் இரத்தத்திலுள்ள சோடியம் நீர்த்துப்போய், தலைவலி, வாந்தி, மனக்குழப்பம், வலிப்பு என முற்றி, உயிருக்கே கேடு விளையலாம். 2002ஆம் ஆண்டு பாஸ்டன் நகர மாரத்தான் ஓட்டத்தின் முடிவில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்ததில், 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களுக்கும், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களுக்குமே இவ்வாபத்து மிகுதி என்றும் கண்டனர். மெல்லச் செல்பவருக்குக் குடிப்பதற்கு அவகாசம் அதிகம் அல்லவா? நீண்ட பயிற்சி ஒன்றுக்கு முன்னும் பின்னும் எடை பார்த்து, தமக்கு வியர்வை எவ்வளவு போகிறது என்று ஒவ்வொருவரும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நலம். போட்டியில் தாகத்தை வழிகாட்டியாகக் கொண்டு, உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைச் சிறிது சிறிதாகக் குடிக்கலாம்.

இனிக் கருவிகள். வெளியூர் செல்வோர் சைக்கிளைக் கழற்றிப் பெட்டியில் வைக்க நேரும். இடப்புறத்து மிதிகட்டையின் மரை எதிர்ப்புறமாகத் திரும்பும் என்பதை அறியாமல், பலமாக முறுக்கி மரையைக் கெடுத்துக்கொள்வோர் உண்டு. ஊர் சேர்ந்தவுடனே வண்டியைப் பூட்டி, அரைமணி நேரமாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். பிரேக்கும் பல்சக்கரமும் செவ்வனே இயங்குகின்றனவா, டயரில் வெட்டு உண்டா, உபரி டியூபும் காற்றடிக்கும் கருவியும் இருக்கின்றனவா என்று ஒரு தாளில் எழுதி வைத்துச் சரிபார்ப்பது நல்லது. புதுக் காலணி, புது உடை, புது ஆசனம் இவற்றை அன்று முதன்முதலாகப் பயன்படுத்துவோர் புண்பட்டே திரும்புவர்.

நீரிலிருந்து எழுந்து சைக்கிளுக்கும், சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கும் மாறும் இடம் ஒன்று உண்டு. அங்கே நூற்றுக்கணக்கான வண்டிகள் ஒன்றுபோல் நிற்கும். தேர்வுக்கு முதல்நாளே மண்டபத்துக்குச் சென்று தம் எண் ஒட்டிய மேசையைப் பார்த்து வருமாறு பிள்ளைகளை அனுப்புவது எங்கள் பள்ளி வழக்கம். அதுபோல, நீரிலிருந்து வரும் வழியாக நடந்து வந்து, தம் வண்டி எத்தனையாவது வரிசையில் நிற்கிறது என்று எண்ணி வைத்துக்கொள்ள வேண்டும். தலைக்கவசத்தின் பட்டையை மாட்டிய பிறகே வண்டியைத் தொடலாம் என்பது விதி. கவசம், கண்ணாடி, காலணி என எடுக்கும் வரிசையிலேயே பொருள்களை வைத்து, நாலைந்து முறை ஒத்திகை பார்த்தால், களைப்பில் மூளை சோர்ந்தாலும் கை தவறாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது கடல். அமெரிக்காவில் 2006 ஜனவரி முதல் 2008 செப்டம்பர் வரை நடந்த இவ்வகைப் போட்டிகளை ஆராய்ந்தபோது, 14 பேர் போட்டியின்போது திடீரென இறந்திருந்தனர். அவர்களுள் 13 பேர் இறந்தது நீச்சலின்போது. பங்குகொண்டோர் தொகையை நோக்க இது மிகச் சிறிதே எனினும், அலட்சியம் செய்யத் தக்கதன்று. சுவர்களும் தரையில் கோடும் உள்ள குளத்தில் பயின்றவருக்கு, அடி தெரியாத நீரும் அலையும் பிறர் கைகால் படுவதும் ஒருங்கே வந்தால் மூச்சு முட்டும். ஆதலால் முதல்நாளே அக்கடலில் கால்மணி நேரம் நீந்திப் பழகுதல் வேண்டும். கரையிலுள்ள உயர்ந்த கட்டடத்தையோ மரத்தையோ திசைக்கு அடையாளமாகக் கொள்ள வேண்டும். கூட்டத்தின் ஓரமாக நின்று, முதல் 200 மீட்டரை மெதுவாகக் கடக்க வேண்டும். மூச்சுத் திணறினால் மல்லாந்து மிதந்து, கையை உயர்த்தினால், காவற்படகு அருகில் வரும். அதனைப் பற்றிக்கொண்டு இளைப்பாறுவதை விதிகள் அனுமதிக்கின்றன. நெஞ்சுவலியோ மயக்கமோ தோன்றினால் இளைப்பாறலோடு நிற்காமல் கரைக்கு வந்துவிட வேண்டும்.

கரையேறிச் சைக்கிளில் ஏறியவுடன் உடல் இலேசாக இருப்பது போல் தோன்றும். முன்னே செல்பவரைத் துரத்த மனம் உந்தும். அங்கே பொறுத்துச் செல்பவரே பின்னர் வரும் 21 கிலோமீட்டரை ஓடுவர், பொறாதவர் நடப்பர். அடுத்தவர் வண்டிக்குப் பின்னால் 12 மீட்டர் இடைவெளி விடவேண்டும் என்ற விதியையும் மனத்தில் இருத்துதல் வேண்டும்.

இறுதியாக ஒன்று. இத்தனை ஏற்பாடுகளும் செய்து முடித்த பின், போட்டிக்கு இரண்டு நாள் முன்பு காய்ச்சல் கண்டுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டு உழைப்பு, கட்டிய பணம், உற்றார் உறவினரிடம் சொன்ன சொல் எல்லாம் முன்னே வந்து நிற்கும். மருந்தை விழுங்கிவிட்டு இறங்கிவிடலாம் என்றே தோன்றும். காய்ச்சலை உண்டாக்கும் கிருமி இருதயத் தசையையும் தாக்கியிருக்கக்கூடும்; அந்நிலையில் கடுமையாக உழைப்பது உயிரை இழக்கும் வழி என்று மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர். அப்பொழுது வீடு திரும்புவதும் தேர்ச்சியே. தேர்வுக்கு வர இயலாத பிள்ளையை நாங்கள் ஒருபோதும் மூடனென்று கருதியதில்லை. அடுத்த தேர்வில் எழுது என்றே சொல்லி அனுப்பினோம்.

இப்போட்டிக்குச் செல்வோரின் மனைவிமார், கணவன்மார், பெற்றோர், பிள்ளைகள் இதனைக் கேட்டுக்கொண்டிருந்தால், அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த இரண்டு வாரங்களில், "ஏன் இன்று ஓடப் போகவில்லை?" என்று கேளாதீர்கள். வேளைக்கு உணவும், இரவில் நல்ல உறக்கமும் கிடைக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பி வர நேர்ந்தால், காரணம் கேட்கும் முன் உள்ளே அழையுங்கள்.