நம் துயரம் யாருடைய தரவு?



2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில், பேருந்து நிலையத்துக்கு அருகே, சங்கர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். கேமராவில் பதிவான அந்தக் காட்சி தொலைக்காட்சிகளில் ஓடியது; வாட்ஸ்அப்பில் கைபேசி கைபேசியாகப் போனது. அதற்கு முந்தைய ஆண்டு, கோகுல்ராஜ் கொலை வழக்கில் தேடப்பட்ட யுவராஜ் தலைமறைவாக இருந்துகொண்டே வாட்ஸ்அப்பில் குரல்பதிவுகளை வெளியிட்டார். கொங்குப் பகுதியில் சாதியை ஆராய வருகிறவர்கள் இந்தப் பதிவுகளைத் தாண்டிப் போக முடியாது. போகவும் கூடாது.

கேள்வி, எப்படி எடுப்பது என்பதில் இருக்கிறது. "பொதுவில்தானே போட்டிருக்கிறார்கள், எடுத்தால் என்ன?" என்று ஆய்வு மாணவர்கள் நம்மிடம் கேட்கிறார்கள். சட்டமும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறது. 2017இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றார்கள். 2019இன் தரவுப் பாதுகாப்பு மசோதா சாதியையும் பழங்குடி அடையாளத்தையும் கூடுதல் பாதுகாப்பு தேவைப்படும் தரவு வகையில் சேர்த்திருந்தது. 2023இல் நிறைவேறிய சட்டத்தில் அந்த வகையே இல்லை. ஒருவர் தானே பொதுவில் வெளியிட்ட தகவலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆய்வுக்கும், சில தரநிலைகளின் பேரில், விலக்கு உண்டு. ஆனால் "தானே" என்ற சொல்லைக் கவனியுங்கள். மூடிய வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் பேசியதை இன்னொருவர் வெளியே கசியவிட்டால், அதைப் பேசியவர் பொதுவில் வைத்ததாக ஆகாது. நம் மாணவர்கள் பலரும் தவறவிடும் இடம் இது.

ஆயிரக்கணக்கானோர் பின்தொடரும் சாதிப் பெருமைப் பக்கம் ஒன்று. நினைவுநாளில் ஒரு படத்தைப் பகிர்ந்து இரண்டு வரி எழுதும் நம் வளவுப் பையன் ஒருவன். இரண்டும் பொதுப் பதிவுகள், சட்டத்தின் தராசில் ஒரே எடை. ஆனால் அந்தப் பையன் நாளைக் காலையில் போய் நிற்க வேண்டிய விசைத்தறிக் கூடமும் தோட்டமும் யாருடையவை? "பெயரை மறைத்துவிட்டோம்" என்கிறார்கள் ஆய்வாளர்கள். அவனுடைய வரியை அப்படியே மேற்கோள் காட்டினால் தேடுபொறி அவனை நொடியில் காட்டிக்கொடுக்கும். தேடுபொறிகூட வேண்டாம். பல்லடம் பக்கத்துச் சிற்றூர், பட்டதாரி, அருந்ததியர் என்று எழுதினாலே ஊரில் ஆள் யாரென்று தெரிந்துவிடும். அவன் பயந்துபோய்ப் பதிவை நீக்கினாலும், ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அது நீங்காமல் கிடக்கும்.

நம்மை அளந்து எடுத்துப்போவது புதிதல்ல. சென்னை அருங்காட்சியகத்தின் தர்ஸ்டன் மனிதர்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தவர். 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அளக்கப்பட்டவர்களிடம் யார் என்ன கேட்டார்கள்? இன்று கருவிகூடத் தேவையில்லை, ஒரு நிரல் போதும்.

அதற்காக எதையும் தொடாதே என்று நாம் சொல்லவில்லை. சங்கரின் கொலையையே எடுத்துக்கொள்ளுங்கள்: அந்தக் கேமராப் பதிவு இல்லாமல் நாடு அதைப் பார்த்திருக்காது. கோகுல்ராஜ் வழக்கிலும் திருச்செங்கோடு கோயிலின் கேமராப் பதிவு முக்கியச் சாட்சியமானது. 2022இல் தண்டனை வந்தது, 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வசைப் பதிவுகள் புகார் கிளம்பியதும் அழிக்கப்படுகின்றன. அவற்றைச் சேமிப்பது நம் வேலை. வெறும் திரைப்பிடிப்போடு நிற்காதீர்கள்; இணைப்பு முகவரி, தேதி, நேரம், எந்தக் கருவியில் எடுத்தது என்பதையும் குறித்து வையுங்கள். மின்னணுச் சாட்சியத்தை நகலாகத் தரும்போது சான்றிதழ் வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 2020இல் உறுதிப்படுத்தியது. இன்று அது சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் இருக்கிறது.

வன்கொடுமை செய்கிறவரின் பொதுப் பேச்சை எடுக்க அவரிடம் அனுமதி கேட்கத் தேவையில்லை என்பதே நம் நிலை. பாதிக்கப்பட்டவரின் பேச்சை அனுமதியின்றி எடுக்கக் கூடாது. பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு இந்த இரண்டையும் ஒன்றாக வைத்தால், பிரித்துப் பார்க்கச் சொல்லி எழுதிக் கேளுங்கள். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கொடுங்கள் (இன்னும் ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்!). அச்சுக்குப் போகுமுன் எழுதியதை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் ஒரு வரியை எடுக்கச் சொன்னால், ஆய்வேட்டில் அதுதான் மிகச் சிறந்த வரியாக இருந்தாலும், எடுத்துவிடுங்கள்.