மலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு
(பழைய மாணவர் சங்கச் சந்திப்பில் பேசியது)



கடலூர்க்காரனுக்கு மலை என்றால் கேப்பர் மலை. சிதம்பரத்துக்காரனுக்கு அதுவும் கிடையாது. அண்ணாந்து பார்க்க நான்கு கோபுரங்கள்தான். அதனால்தானோ என்னவோ, சுற்றுலா என்றதும் நம் பிள்ளைகள் மலைக்குத்தான் வேன் பிடிக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு சேதி.

சென்ற ஆண்டு நாங்கள் ஆறு வகுப்புத் தோழர்கள் கொல்லிமலைக்குப் போனோம். படுக்கை, கேஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ள கேரவன் வண்டி. கேரவன் சினிமாக்காரர்களுக்கு மட்டும் என்ற காலம் போயாச்சு. கேரளத்தில் 2021-இல் அரசே கேரவன் சுற்றுலாத் திட்டம் அறிவித்தது.

விருத்தாசலம், ஆத்தூர், சேலம் வழியாக நாமக்கல் மாவட்டத்துக் காரவள்ளி அடிவாரம். அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். டிரைவர் அண்ணன் பழைய லாரிக்காரர். முதலில் சிலிண்டரை மூடினார். பிறகு தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டார். "நூறு லிட்டர்னா நூறு கிலோ சார். மேல போய்ப் புடிச்சுக்கலாம்" என்றார்.

அறப்பளீசுவரரைத் தரிசித்து, ஆகாய கங்கையில் குளித்து, இரண்டு நாள் போனதே தெரியவில்லை. மறுநாள் காலை கடலூரில் ஒரு நிச்சயதார்த்தம் என்று நண்பர் ஒருவர் அவசரப்படுத்தினார்; ராத்திரியே இறங்கச் சொன்னார். அண்ணன் அசையவில்லை. "நான் தூங்கி எழுந்து, விடிஞ்சப்புறம் இறங்குவோம் சார்."

விடிந்ததும் இரண்டாவது கியரில் இறங்கினார். பிரேக்கை அவ்வப்போதுதான் தொட்டார். ஏறுகிற கியரிலேயே இறங்கினால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் பாரம் முழுவதும் பிரேக் மேல் விழும். சூடேறி, மிதித்தாலும் பிடிக்காது. குறுகலான இடங்களில் ஏறிவரும் வண்டிக்கு ஒதுங்கி நின்றார். சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

நண்பர் நிச்சயதார்த்தத்துக்குத் தாமதமாகத்தான் போனார். பாயசம் மிச்சம் இருந்ததாம்!

தம்பி, தங்கைகளே, வண்டி பேசும்போது பாட்டு செட் இருக்கிறதா என்று கேட்கிறீர்கள், கேளுங்கள். கூடவே, டிரைவர் மலையில் ஓட்டிப் பழகியவரா, முந்தின இரவு தூங்கினாரா என்றும் கேளுங்கள். இருட்டில் இறங்கச் சொல்லி அவரை நெருக்காதீர்கள். அவர் மாட்டேன் என்றால், அவர் பக்கம் நில்லுங்கள். அடுத்த சந்திப்பில் உங்கள் பயணக் கதைகளை நாங்கள் கேட்க வேண்டும்.