வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் ஒரு டிரையல் லாட்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முழுக்க மாற்றாமல், படிக்க வசதியாகச் சுருக்கியிருக்கிறோம்.)

பின்னாடி லாரி சத்தம் கேட்டா கொஞ்சம் பொறுத்துக்குங்க. வீடு படப்பையில, வண்டலூர்–வாலாஜாபாத் ரோட்டை ஒட்டி இருக்கு. ராத்திரி பத்து மணிக்கு மேலயும் ஒரகடம் போற கன்டெய்னர் நிக்காது.

இன்னைக்குப் பேசப்போறது வீட்டுக் கம்ப்யூட்டர்ல விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு மாறின கதை. "இதுல என்னங்க கதை, பட்டனை அழுத்திட்டுத் தூங்கப் போனா காலைல மாறியிருக்கும்"னு நினைப்பீங்க. நானும் ஒருதடவை அப்படித்தான் நினைச்சேன். அந்த வினையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் ஒரகடத்துல ஒரு சின்ன கம்பெனியில குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். கார் கம்பெனிகளுக்குப் பாகம் செய்து கொடுக்கிற யூனிட். என் மனைவி வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறாங்க. சின்னச் சின்ன பட்டறை, கடை, ரெண்டு மூணு பிரைவேட் லிமிடெட் கம்பெனி. டேலியில் பில் போடுவது, ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்வது, இதெல்லாம் அவங்க வேலை. வீட்டு வாடகை அந்த வருமானத்தில்தான் போகுது. ஆக எங்க வீட்டுல கம்ப்யூட்டர்ங்கிறது ஒரு மெஷின். நின்னா உற்பத்தி நிக்கும்.

2020 தொடக்கத்தில் விண்டோஸ் 7-க்கு ஆதரவு முடிந்தது. "பழசை வச்சிருக்கக் கூடாது"ன்னு ஒரு மாசம் 18-ஆம் தேதி ராத்திரி நானே உட்கார்ந்து 10-க்கு மாத்தினேன். காலையில் எல்லாம் பளிச்சுன்னு வந்துச்சு. எனக்கு ஒரே பெருமை. 20-ஆம் தேதி ரிட்டர்ன் போடக் கடைசி நாள். பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கு டிஜிட்டல் கையெழுத்து கட்டாயம். அந்த டோக்கனைச் செருகினால் கம்ப்யூட்டருக்கு அடையாளமே தெரியல. டிரைவர் போயிருந்தது. அதைக் கண்டுபிடிச்சு, இறக்கி, சரிபண்ண ரெண்டு நாள் ஆச்சு. தாமதக் கட்டணம் நாளுக்கு 50 ரூபாய், மொத்தம் 100. அவங்க கைக்காசைப் போட்டுக் கட்டினாங்க. 100 ரூபாய் பெரிசில்லை. ஆனால் அந்த கம்பெனி அடுத்த மாசமே கணக்கை வேற ஆள்கிட்ட கொடுத்துடுச்சு.

அதனால, 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கும் ஆதரவு முடியுதுன்னு தெரிஞ்சதும் அவங்க சொன்ன முதல் வார்த்தை: "ஏங்க, இந்தத் தடவை நீங்க கை வைக்காதீங்க."

மாற்றாமல் இருந்தால் என்ன?

அப்படியே விட்டுடலாமா என்றால், அதற்கு எங்க ஏரியாவிலேயே ஒரு பாடம் இருக்கு. 2017 மே 12. வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் உலகம் முழுக்கப் பரவியது. 150 நாடுகள், ரெண்டு லட்சத்துக்கும் மேலான கம்ப்யூட்டர்கள். பிரிட்டனில் ஆஸ்பத்திரிகள் நின்றன. ஒரகடத்தில் உள்ள ரெனோ–நிசான் ஆலையும் பாதிக்கப்பட்டதாக அப்போது செய்தி வந்தது. இதில் கவனிக்க வேண்டியது என்னன்னா, அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-லேயே வெளியிட்டுவிட்டது. ரெண்டு மாசம் கையில இருந்தது. உலகம் பூரா ஏன் போடாமல் விட்டார்கள்? பல இடங்களில் ஒரே காரணம்தான்: ஓடுற மெஷின்ல கை வச்சா நின்னுடுமோங்கிற பயம்.

அந்தப் பயமும் பொய்யில்லை. 2024 ஜூலை 19-ல் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு கோளாறான அப்டேட் ஒரே நேரத்தில் எல்லாருக்கும் போனது. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத்திரையில் நின்றன. நம்ம ஊர் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தாங்க. ஆக, மாத்தாம விட்டாலும் ஆபத்து. சோதிக்காம மாத்தினாலும் ஆபத்து.

எங்க லைன்ல இதுக்கு ஒரு வழி வச்சிருக்கோம். ஃபோர்-எம் சேஞ்ச் என்பார்கள். ஆள், மெஷின், மெட்டீரியல், செய்முறை, இதில் எது மாறினாலும் போர்டில் எழுதணும். முதல் பீஸை அளந்து பார்க்கணும். சின்னதா ஒரு டிரையல் லாட் ஓட்டணும். சரியா வந்தாதான் முழு உற்பத்தி. பதினாறு வருஷமா கம்பெனியில செய்யுறதை வீட்டில் ஒருதடவை கூடச் செய்யலையேன்னு அப்பதான் உறைச்சது. மனைவிகிட்ட சொன்னேன்: "லைன்ல செய்யுற மாதிரியே செய்றேன். நீ ஓகே சொன்னாதான் முடிஞ்சதா கணக்கு."

முதல் வேலை: பட்டியல்

என்னென்ன மென்பொருள் இருக்குன்னு பட்டியல் போடாதீங்க. என்னென்ன வேலை நடக்குதுன்னு போடுங்க. மனைவி பக்கத்துல உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினாங்க. டேலியில் பில் போட்டு டாட்-மேட்ரிக்ஸ் பிரின்டரில் அடிப்பது. டோக்கனை வைத்துக் கையெழுத்திடுவது. பேங்க் ஸ்டேட்மென்ட்டை எக்ஸெலில் திறப்பது. ஸ்கேன் எடுப்பது. பழைய தமிழ்க் கடிதங்களைத் திறப்பது.

கடைசியா சொன்னது முக்கியம். தமிழக அரசு 2010-ல்தான் யூனிகோடைத் தரமாக அறிவித்தது. அதுக்கு முன்னாடியும், பல இடங்களில் அதுக்குப் பின்னாடியும், வேற குறியீட்டு எழுத்துருவில் அடித்த கோப்புகள் ஏராளம். அந்த எழுத்துரு கம்ப்யூட்டரில் இல்லாவிட்டால் கடிதம் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். விண்டோஸை மேம்படுத்தும்போது எழுத்துரு தங்கிவிடும். சுத்தமாக அழித்துப் புதிதாகப் போட்டால் போய்விடும். அதனால ஃபான்ட்ஸ் ஃபோல்டரைத் தனியா ஒரு காப்பி எடுத்து வைங்க.

பேக்கப் இருக்கு, ஆனா இல்லை

இதுதான் இன்னைக்குச் சொல்ல வந்ததிலேயே பெரிய விஷயம். எங்க வீட்டுல பேக்கப் உண்டு. நானே ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி வச்சிருந்தேன். வாரா வாரம் டேலி ஃபோல்டரை பென்டிரைவில் காப்பி செய்யும். ஃபோல்டரில் தேதியும் புதுசாத்தான் இருக்கும்.

லைன்ல கேஜ் சரியா இருக்கான்னு பார்க்க மாஸ்டர் பீஸை அளப்போம். அந்த மாதிரி பேக்கப்பையும் வேற கம்ப்யூட்டரில் திறந்து பார்க்கலாம்னு தோணுச்சு. என் தங்கச்சிக்குப் பள்ளியில் கிடைத்த அரசு லேப்டாப் ஒண்ணு அலமாரியில் இருந்தது. ராமை 4 ஜிபி ஆக்கி, விண்டோஸ் 10 போட்டு, டேலியை எஜுகேஷனல் மோடில் நிறுவி, பென்டிரைவைச் செருகினேன்.

கடைசி என்ட்ரி 2024 மார்ச். இது நடந்தது 2025 செப்டம்பர் முதல் வாரம்.

என்ன ஆச்சுன்னா, 2024 ஏப்ரலில் புது நிதியாண்டு தொடங்கும்போது மனைவி டேட்டா ஃபோல்டரை சி டிரைவிலிருந்து டி டிரைவுக்கு மாத்தியிருக்காங்க. என் ஸ்கிரிப்ட் பழைய ஃபோல்டரையே விசுவாசமா வாராவாரம் காப்பி பண்ணிட்டு இருந்திருக்கு. ஏறக்குறைய ஒன்றரை வருஷ உழைப்பு, பன்னிரண்டு பேரோட கணக்கு, ஒரே ஒரு ஹார்ட் டிஸ்கில் மட்டும். அவங்க ஒண்ணும் பேசலை. பென்டிரைவை எடுத்துக் கையில் கொஞ்ச நேரம் வச்சிருந்தாங்க. "அப்போ இத்தனை நாளா நாம ஒண்ணுமே எடுத்து வைக்கலை, இல்லீங்களா?"ன்னு மட்டும் கேட்டாங்க.

விண்டோஸ் 11 எங்களுக்கு வேற எதைக் கொடுத்ததோ இல்லையோ, அந்த ஓட்டையைக் காட்டிக் கொடுத்தது. இன்னைக்கு ராத்திரி உங்க பேக்கப்பை வேற ஒரு கம்ப்யூட்டரில் திறந்து, கடைசி என்ட்ரி என்ன தேதின்னு பாருங்க. வேற எதுவும் செய்யாட்டியும் பரவாயில்லை.

இரண்டு மாற்றம் ஒரே நேரத்தில் கூடாது

மாத்த செப்டம்பர் 21, ஞாயிற்றுக்கிழமைன்னு குறிச்சேன். ரிட்டர்ன் கெடு 20-ஓட முடியும். அடுத்த மாசம் 7-ஆம் தேதி டிடிஎஸ் கட்டுற வரைக்கும் கொஞ்சம் மூச்சு விடலாம். மனைவி நாள்காட்டியைப் பார்த்துட்டு வேண்டாம்னாங்க. 22-ஆம் தேதியிலிருந்து புது ஜிஎஸ்டி விகிதம் அமலுக்கு வருது. 12, 28 சதவீத அடுக்குகள் போய், பெரும்பாலான பொருள்கள் 5, 18-க்குள் வருது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் பொருள் பொருளா விகிதம் மாத்தணும். அந்த நேரத்தில் கம்ப்யூட்டரும் மாறினா, தப்பு வந்தால் விகிதத்தாலா விண்டோஸாலான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? எனக்குக் கற்றுக்கொடுத்த சூப்பர்வைசர் சொல்வாரே, அதே பேச்சு.

அதனால தள்ளிப் போட்டோம். நடுவில் அக்டோபர் 14 வந்துடுமே? அதற்கு மைக்ரோசாஃப்ட் ஒரு நீட்டிப்பு கொடுத்திருக்கு. வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் வரும். அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் பேக்கப் செய்ய ஒத்துக்கொண்டால் காசு இல்லை. அதில் பதிவு செய்தோம். இந்த அவகாசத்தைச் சும்மா தள்ளிப்போட மட்டும் பயன்படுத்தாதீங்க. சோதிச்சுப் பார்க்க எடுத்துக்குங்க.

மாற்றிய நாள்

நவம்பர் 22, சனிக்கிழமை. 2020 கடைசியில் வாங்கின டெஸ்க்டாப். தகுதி பார்க்கும் செயலி "இந்தக் கம்ப்யூட்டர் தகுதியில்லை" என்றது. பதற வேண்டாம். விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேற்பட்ட பிராசசராக இருக்க வேண்டும். எங்களுடையது பத்தாம் தலைமுறை. டி.பி.எம். உள்ளேயே இருந்தது, பயாஸில் அணைத்து வைத்திருந்தார்கள். போட்டுவிட்டதும் தகுதி வந்துடுச்சு.

இங்கே ஒரு எச்சரிக்கை. என்னோடு வேலை செய்கிறவர் ஒருத்தர் லேப்டாப்பில் பயாஸைத் தொட்டதும் நீலத்திரை வந்து 48 இலக்க ரெகவரி கீ கேட்டது. டிஸ்க் குறியாக்கம் ஆகியிருப்பது அவருக்கே தெரியாது. அந்தக் கீ மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். ஆனால் கணக்கைத் தொடங்கியது லேப்டாப் விற்ற கடைக்காரர், தன்னோட மெயிலில். மூணு நாள் அலைஞ்சார். அதனால எதையும் தொடும் முன் கீயைத் தாளில் எழுதி வையுங்க. கணக்கு யார் பேரில் இருக்குன்னும் பாருங்க.

அடுத்து, பழைய டிஸ்கை அப்படியே குளோன் செய்து ஒரு புது எஸ்எஸ்டியில் ஏத்தினேன். குளோனசில்லா என்ற இலவசக் கருவி போதும். டிஸ்க் மாறுவதால் டேலி உரிமத்தை முன்கூட்டியே சரண்டர் செய்து, பிறகு திரும்ப எடுத்துக்கொண்டோம். பழைய டிஸ்கைக் கழட்டி, துணியில் சுத்தி, மேசை டிராயரில் வைத்தேன். மேம்படுத்தல் நடந்தது புது எஸ்எஸ்டியில் மட்டும்.

ஏன் இவ்வளவு என்றால், விண்டோஸிலேயே பழசுக்குத் திரும்பும் வசதி உண்டு. ஆனால் சாதாரணமாக 10 நாள்தான். எங்க வீட்டு வேலையின் சுற்று ஒரு மாசம். டிஎஸ்சி டோக்கன் வேலை செய்யுதான்னு உண்மையாத் தெரிவது அடுத்த 20-ஆம் தேதிதான். 10 நாளில் கதவு மூடிடும், கோளாறு 28-ஆம் நாள் வெளியே வரும். அதனால டிராயரில் இருக்கும் டிஸ்க்தான் எங்க உத்தரவாதம்.

ஞாயிற்றுக்கிழமை பட்டியலை வைத்து மனைவி ஒவ்வொன்றாகச் செய்தாங்க. நான் தொடலை. பில் அடித்தது. டோக்கன் கையெழுத்துப் போட்டது. 2009-ல் அடித்த கடிதம் தமிழிலேயே திறந்தது. பழைய ஸ்கேனர் மட்டும் ஓடலை, அதற்குப் புது டிரைவர் கிடைக்கலை. செல்போனில் ஸ்கேன் எடுத்துக்கலாம்னு அவங்களே முடிவு பண்ணினாங்க. எங்க பாஷையில் சொன்னா, வாடிக்கையாளர் ஒப்புக்கொண்ட டீவியேஷன்.

டிசம்பர் 20 வரை தினமும் சாயங்காலம் பேக்கப், ஞாயிறுதோறும் அதை அரசு லேப்டாப்பில் திறந்து பார்ப்பது. ஏன்னா பழைய டிஸ்குக்குத் திரும்பினாலும், நடுவில் போட்ட என்ட்ரிகள் அதில் இருக்காதே. டேலியின் பதிப்பை மட்டும் அந்த ஒரு மாசம் மாற்றவில்லை. டிசம்பர் ரிட்டர்ன் எல்லாம் கெடுவுக்கு முன்னாடியே போச்சு. 20-ஆம் தேதி ராத்திரி அவங்க அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டு என்கிட்ட கொடுத்தாங்க.

அந்தப் பழைய லேப்டாப்

தமிழக அரசு 2011-ல் இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியது. அதில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. நம்மில் எத்தனை பேர் அந்தப் பக்கம் திறந்து பார்த்தோம்? அந்தக் கால லேப்டாப்பில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. தூக்கிப் போட வேண்டாம். லினக்ஸ் மின்டை பென்டிரைவில் ஏற்றி, டிஸ்கைத் தொடாமலேயே ஓட்டிப் பாருங்க. வைஃபை, சவுண்ட், தமிழ் தட்டச்சு மூணும் வந்தா பிள்ளைங்க படிக்கப் போதும். டேலி மட்டும் அதில் நேரடியா ஓடாது. அதனாலதான் எங்க லேப்டாப்பில் ஒரு பக்கம் விண்டோஸையும் விட்டு வச்சிருக்கேன். அதை நெட்டில் சேர்ப்பதில்லை, பேக்கப் திறந்து பார்க்க மட்டும்.

இவ்வளவுதாங்க. நேத்து மனைவி கேட்டாங்க, "டிராயர்ல இருக்கிற டிஸ்கை எடுத்துடலாமா?" மார்ச் கணக்கு முடியட்டும்னு சொல்லியிருக்கேன். உங்க வீட்டில் மாத்தும்போது என்ன நின்னுச்சு, என்ன ஓடுச்சுன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.