விளக்கு வாங்குமுன் கணக்குப் பார்ப்போம்

(லோபாக்கில் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாம் பேச வந்தது சம்பளத்தைப் பற்றியல்ல. சம்பளப் பணத்தில் வாங்கும் ஒரு பொருளைப் பற்றி. மின்சாரம் நின்றாலும் விளக்கெரிக்கும் இன்வெர்ட்டர், பேட்டரி, கூரைமேல் வைக்கும் சோலார் தகடு ஆகியவற்றை லயத்து வீட்டாரும் தாமான் வீட்டாரும் இப்போது வாங்க எண்ணுகிறோம்.

மாலையில் எஞ்சின் ஓடும், இரவு 10 மணிக்கு நின்றுவிடும், அப்புறம் மண்ணெண்ணெய் விளக்குதான் என்று நம் பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தக் காலம் போய்விட்டது. ஆயினும் இடி மழை வந்தால் இன்றும் மின்சாரம் போகிறது. 1996 ஆகஸ்ட் 3-ஆம் நாள் தீபகற்பமே இருண்டதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். விடியுமுன் பெரட்டுக்குப் புறப்படும் நமக்கு வெளிச்சம் வேண்டும். படிக்கும் பிள்ளைக்கும் வேண்டும். ஆகவே வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை. கணக்குப் பார்த்து வாங்குங்கள் என்கிறோம்.

9 வாட் விளக்கு 4 என்றால் 36 வாட். 60 வாட் மின்விசிறி 2 என்றால் 120. கைப்பேசிக்கு 14. மொத்தம் 170 வாட். 4 மணி நேரத்துக்கு 680 வாட் மணி தேவை. 12 வோல்ட், 100 ஆம்பியர் மணி பேட்டரியில் ஏட்டுக் கணக்குப்படி இருப்பது 1,200 வாட் மணி. ஆனால் ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் வடியவிட்டால் அதன் ஆயுள் குறைந்துவிடும். பாதி 600, இன்வெர்ட்டர் விழுங்குவது போக, கைக்கு வருவது சுமார் 500. ஆகவே 3 மணி நேரம்தான் வரும். அதே அளவு லிதியம் பேட்டரி 4 மணிக்கு மேல் தாங்கும். விலை அதிகம், ஆயுளும் அதிகம். சோறாக்கும் குக்கரையும் இஸ்திரிப் பெட்டியையும் இதில் மாட்டக் கூடாது.

200 வாட் தகடு நாள் முழுதும் 200 வாட் தராது. நம் நாட்டு வெயிலில், இழப்பைக் கழித்தால், நல்ல நாளில் 600 வாட் மணி கிடைக்கும். மரநிழல் விழுந்தால் அதுவும் குறையும்.

இன்னொன்று, தோழர்களே! நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம் கடன்பட்டுக் கூரையில் தகடு வைத்தது. ஒருநாள் நடுப்பகலில் மின்சாரம் நின்றது. வெளியே வெயில் கொளுத்துகிறது. வீட்டில் மின்விசிறி சுழலவில்லை! காரணம், அது தெனாகா நேஷனல் கம்பியோடு இணைந்து ஓடும் வகை. கம்பியில் மின்சாரம் இல்லாதபோது அதுவும் நின்றாக வேண்டும். நிற்காவிட்டால், கம்பத்தில் ஏறிப் பழுதுபார்க்கும் தொழிலாளியின் உயிர் போகும். அவரும் நம்மைப்போல் ஒரு தொழிலாளிதானே! பொருளில் குறையில்லை, அதைச் சொல்லாமல் விற்றதுதான் குறை. ஆகவே, "மின்சாரம் நின்றால் இது தனித்து ஓடுமா? பேட்டரி உண்டா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

இதே காரணத்தால், இன்வெர்ட்டர் வயரைச் சுவர் பிளக்கில் சொருகி வீட்டுக்கு மின்சாரம் ஏற்றாதீர்கள். பதிவு பெற்ற வயர்மேனைக் கொண்டே பொருத்துங்கள். ஈய பேட்டரி மின்னேறும்போது தீப்பற்றும் வாயு வெளிவரும். அதை அடுப்பண்டையிலும், சாமி விளக்கின் பக்கத்திலும், காற்றில்லாத அறையிலும் வைக்காதீர்கள்.

கடைசியாக, சங்கத்தின் சொல். தொழிலாளருக்கு வீடு கொடுக்கும் முதலாளி போதிய மின்சாரமும் கொடுக்க வேண்டும் என்பது 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம். லயத்து வயர் பழுதானால் அதைச் சீர்செய்வது நிர்வாகத்தின் கடமை. "உங்களிடம்தான் பேட்டரி இருக்கிறதே" என்ற பேச்சுக்கு நாம் இடங்கொடுக்கக் கூடாது. மின்சாரம் நின்ற தேதி, நேரம், லயத்து வயர் பழுதா, வெளிக்கம்பி பழுதா என்பதை எழுதி வையுங்கள். எழுதத் தயங்குவோருக்குக் கிராணிமார்களாகிய நாம் எழுதிக் கொடுப்போம். அந்தக் குறிப்பைக் கிளைச் செயலாளரிடம் சேர்ப்போம். வெறும் வாய்ப்பேச்சைத் தட்டிக்கழிக்கலாம். தேதியோடு வரும் குறிப்பை அவ்வளவு எளிதில் தட்டிக்கழிக்க முடியாது.

பேட்டரி நம் பணத்தில் நாம் செய்துகொள்ளும் முன்னெச்சரிக்கை. லயத்து மின்சாரமோ நம் உரிமை. முன்னதை வாங்கியதால் பின்னதை விட்டுவிடாதிருப்போம்.