தன்பெயர் யார் கையில்?

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



கவிஞர் பலர்க்கும் பெயர்கள் இரண்டு. பெற்றோர் இட்டது ஒன்று. தாமே சூடிக்கொண்டது மற்றொன்று. பள்ளிச் சான்றிதழ் முன்னதை அறியும். வாசகர் உலகமோ பின்னதையே அறியும். இவ்விரண்டனுள் எப்பெயரை எவ்விடத்தில் வழங்குவது என்று முடிவு செய்யும் உரிமை யாருடையது? பெயரைத் தாங்கியவருடையதே என்று எவரும் தயங்காமல் கூறுவர். ஆயின், இன்று கவிதை பெரிதும் உலவும் இணையத்தில் அவ்வுரிமை உண்மையில் யார் கையில் இருக்கிறது? இவ்வுரை ஆராயப் புகுவது இவ்வொரு வினாவையே.

2011ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் நிகழ்ந்த ஒன்று இவ்வினாவின் கூர்மையைக் காட்டும். நாவலாசிரியர் சல்மான் ருஷ்டியின் முகநூல் கணக்கு, அவர் பெயரில் வேறொருவர் நடத்துவதோ என்னும் ஐயத்தால் முடக்கப்பெற்றது. தாம் தாமே என்று மெய்ப்பிக்க அவர் தம் கடவுச்சீட்டின் படியை அனுப்பினார். அதில் அவருடைய முதற்பெயர் அகமது. எனவே அகமது ருஷ்டி என்னும் பெயரில் கணக்கு திரும்பவும் திறக்கப்பெற்றது. நூல்களின் அட்டையில் உலகம் கண்ட பெயர் அவர்க்கு மறுக்கப்பட்டது. ட்விட்டரில் வெளிப்படையாக முறையிட்ட பின்னரே சல்மான் என்னும் பெயர் அவருக்கு மீண்டது. உலகறிந்த எழுத்தாளரின் குரல் எட்டவேண்டிய செவியை எட்டியது. சிற்றூரில் இருந்து புனைபெயரில் எழுதும் ஒரு கவிஞரின் கணக்கு முடங்கினால் அவர் யாரிடம் முறையிடுவார்?

இந்நிலை எவ்வாறு நேர்ந்தது? டிம் பெர்னர்ஸ்-லீ 1989ஆம் ஆண்டு செர்ன் ஆய்வுக்கூடத்தில் வலையை முன்மொழிந்தபோது, ஆவணங்களுக்கு முகவரி வகுத்தார். படிக்கும் மனிதர்க்கு முகவரி வகுக்கவில்லை. அன்று அதற்குத் தேவையும் எழவில்லை. பின்னர் கடைகளும் வங்கிகளும் இதழ்களும் வலைக்கு வந்தபோது, ஒவ்வொரு தளமும் தன் வாயிலில் தனக்கெனப் பதிவேடு ஒன்றை வைத்துக்கொண்டது. வந்தவர் ஒவ்வொரு வாயிலிலும் பெயர் எழுதி, ஒவ்வொன்றிற்கும் ஒரு கடவுச்சொல்லை நினைவில் வைக்க வேண்டியவரானார். 1960களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில், ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் தேவைக்காகக் கையாளப்பட்ட கடவுச்சொல், நூறு வாயில்களுக்கு நூறு சாவிகளாகப் பெருகியது.

இத்தொல்லைக்கு முதலில் எழுந்த தீர்வு, எல்லா வாயில்களுக்கும் ஒரே காவலரை அமர்த்துவது. 1999இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் பாஸ்போர்ட் என்னும் ஏற்பாட்டைக் கொணர்ந்தது. அதில் ஒருமுறை நுழைந்தவர் அதனை ஏற்ற தளங்களுக்குள் எல்லாம் செல்லலாம். வசதிதான்; ஆயினும் அனைவர் பெயரும் ஒரே பேரேட்டில் இருப்பதை உலகம் விரும்பவில்லை. அதே நிறுவனத்தில் பணியாற்றிய கிம் கேமரான் 2005இல் அடையாளத்திற்கான விதிகள் ஏழினை வகுத்து வெளியிட்டார். இருவர்க்கிடையே நிகழும் உறவில் மூன்றாமவர் ஒருவர் நிற்பதாயின், அவர் அங்கு நிற்பதற்குத் தக்க காரணம் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. தம் நிறுவனத்தின் பாஸ்போர்ட் தோற்றதும் இவ்விதியால்தான் என அவர் ஒளிவின்றி எடுத்துக்காட்டியது பாராட்டுக்குரியது.

அதே 2005இல் மே திங்களில் மாற்று வழியொன்று பிறந்தது. லைவ்ஜர்னல் என்னும் நாட்குறிப்புத் தளத்தை உருவாக்கிய பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் வகுத்த அதன் பெயர் ஓப்பன் ஐடி. அதன் நுட்பம் எளியது. ஒருவருடைய வலை முகவரியே அவருடைய பெயர். ஒரு கவிஞர் புதிய தளம் ஒன்றின் வாயிலில் தம் வலை முகவரியை மட்டும் எழுதுகிறார். அத்தளம் அம்முகவரிக்குச் சென்று, இவர்க்குச் சான்றளிப்பவர் யார் என்று படித்தறிகிறது. பிறகு கவிஞரை அச்சான்றாளரிடம் அனுப்புகிறது. கவிஞர் தம் கடவுச்சொல்லை அங்கு மட்டுமே சொல்கிறார். சான்றாளர் முத்திரையிட்ட மடல் போன்ற ஒரு சான்றுடன் அவரைத் திருப்பி அனுப்புகிறார். முத்திரையைச் சரிபார்த்த தளம் கதவைத் திறக்கிறது. கடவுச்சொல் அத்தளத்தின் கைக்குச் செல்வதே இல்லை.

இதில் சிறப்பாக நோக்கத்தக்கவை இரண்டு. முதலாவது, சான்றாளர் இன்னார்தாம் என்னும் வரையறை இல்லை. பெருநிறுவனமும் சான்றளிக்கலாம், பல்கலைக்கழகமும் அளிக்கலாம், தனி ஒருவர் தமக்குத் தாமே அமைத்துக்கொள்ளலாம், இதுபோன்ற ஓர் இலக்கிய வட்டம் தன் உறுப்பினர்க்கு அளிப்பதற்கும் தடையில்லை. இரண்டாவது, பெயர் வேறு, சான்றாளர் வேறு. தமக்கெனச் சொந்த முகவரி உடையவர், தம் பக்கத்தின் தலைப்பில் ஓரிரு வரிகளைச் சேர்த்து, எனக்குச் சான்று இன்னாரிடம் கேட்க என்று எழுதிவைத்தாற் போதும். சான்றாளர் பிடிக்கவில்லையெனில் அவ்வரிகளை மாற்றிவிடலாம், பெயர் மாறாது. வீட்டுக்காரர் காவலாளியை மாற்றுவது போன்றது இது. காவலாளி வீட்டுக்காரரை மாற்ற முடியாது.

ஆயின், எல்லா இடங்களிலும் ஒரே பெயருடன் செல்வது நன்றா என்னும் ஐயம் எழலாம். இதற்குத் தமிழ் இலக்கணம் அழகிய விளக்கம் தருகிறது. அகத்திணையில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியர் கண்ட மரபு. புறத்திணையிலோ பாடப்பெறுவோன் பெயரும் குடியும் நாடும் வெளிப்படையாக நிற்கும். ஒரே மாந்தர்க்குப் பெயர் மறைய வேண்டிய இடமும் உண்டு. விளங்க வேண்டிய இடமும் உண்டு. கேமரான் வகுத்த நான்காம் விதியும் இதனோடு ஒப்பிடத்தக்கது. பொதுவாழ்வுக்குரிய அடையாளம் எல்லாத் திசைக்கும் தெரியலாம். தனிவாழ்வுக்குரியது ஒரு திசைக்கு மட்டுமே தெரிதல் வேண்டும் என்பது அதன் கருத்து. 2007 டிசம்பரில் நிறைவெய்திய ஓப்பன் ஐடியின் இரண்டாம் பதிப்பு இதற்கும் இடம் தந்தது. ஒருவர்க்குத் தளந்தோறும் வெவ்வேறு பெயரைச் சான்றாளர் வழங்கலாம்; இரு தளங்கள் தம்முள் ஒப்பிட்டாலும் இருவரும் ஒருவரே என்று அறிய இயலாது.

எனினும் மறைப்பது எளிதன்று. நெடுநல்வாடையில் தலைவன் பெயர் எங்கும் இல்லை. ஆயினும் வேலில் சூட்டிய வேம்பு பாண்டியரின் அடையாளப் பூ ஆதலின், அப்பாட்டைப் புறம் என்றார் நச்சினார்க்கினியர். ஒரு பூ காட்டிக்கொடுத்தது! இணையத்தில் அவ்வேம்பாக நிற்பது மின்னஞ்சல் முகவரி. தளந்தோறும் பெயரை மாற்றிக்கொண்டாலும், ஒரே மின்னஞ்சலை எல்லா இடத்திலும் தருவோர் தம் அகத்தைப் புறமாக்கிக்கொள்கின்றனர். 2019இல் ஆப்பிள் நிறுவனம் தன் உள்நுழைவு முறையில், உண்மை மின்னஞ்சலை மறைத்துத் தளத்திற்கொரு மாற்று முகவரி தரும் வழியை வைத்தது இவ்வுண்மை உணர்ந்தே எனலாம்.

இத்துணைச் சிறப்புடைய ஓப்பன் ஐடி நிலைத்ததா? இல்லை. வலை முகவரியைத் தம் பெயராக எழுதுவது பொதுமக்களுக்குப் பழக்கமாகவில்லை. தீய தளமொன்று போலிச் சான்றாளரிடம் அனுப்பிக் கடவுச்சொல்லைக் கவரும் அச்சமும் இருந்தது. பெருநிறுவனங்கள் தாம் சான்றளிக்க முன்வந்தன. பிறர் சான்றை ஏற்கத் தயங்கின. 2008இல் முகநூல் தன் சொந்த உள்நுழைவுப் பொத்தானைக் கொணர்ந்தபோது, ஒரு தட்டில் முடியும் எளிமையைத் தளங்களும் விரும்பின, மக்களும் விரும்பினர். எளிமைக்கு முன் உரிமை தோற்றது.

2014 பிப்ரவரித் திங்கள் இவ்வரலாற்றின் திருப்பம். முதல் நாளில் மைஓப்பன்ஐடி என்னும் சான்றாளர் தன் பணியை நிறுத்திக்கொண்டார். அவர் தந்த முகவரியையே பெயராகக் கொண்டிருந்தோர்க்கு அப்பெயர் பயனற்றுப்போனது. சொந்த முகவரி வைத்திருந்தோர் ஓரிரு வரிகளை மாற்றிவிட்டு, வேறொரு சான்றாளரிடம் சென்றனர். அதே திங்களின் இறுதியில் ஓப்பன் ஐடி கனெக்ட் என்னும் புதிய தரநிலை வெளியாயிற்று. இன்று கூகுள் வழி நுழைக என்னும் பொத்தானுக்குப் பின்னே இயங்குவது அதுவே. ஓப்பன் என்னும் சொல் பெயரில் எஞ்சியது. வாயிலில் எஞ்சியவையோ சில பெருநிறுவனங்களின் பொத்தான்கள் மட்டுமே. மொசில்லா அமைப்பு 2011இல் தொடங்கிய பெர்சோனா, ஒருவர் எத்தளத்திற்குச் செல்கிறார் என்பதைச் சான்றாளரும் அறியாதவாறு அமைக்க முயன்றது. அதுவும் 2016 நவம்பரில் மூடப்பெற்றது.

இதன் விளைவை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரு பொத்தானை நம்பிப் பத்துத் தளங்களில் எழுதும் கவிஞரின் அவ்வொரு கணக்கு முடங்கினால், பத்துக் கதவுகளும் ஒருசேர அடைபடும். முடக்கியவர் விளக்கம் தராமலும் இருக்கலாம். கவிதைகள் அங்கே கிடக்கும். அவை தம்முடையவை என்று மெய்ப்பிக்கும் வழி மட்டும் அவரிடம் இராது.

எனினும் அக்கருத்து மடியவில்லை. சொந்த வலை முகவரியால் நுழையும் இண்டிஆத் என்னும் முறையை 2018இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு குறிப்பாக வெளியிட்டது. எந்நிறுவனத்தையும் சாராத அடையாளங்களுக்கான தரநிலையை, கூகுள், ஆப்பிள், மொசில்லா ஆகியவற்றின் மறுப்பையும் கடந்து, 2022 ஜூலையில் அது ஏற்றது. 2024 பிப்ரவரியில் அனைவர்க்கும் திறக்கப்பெற்ற புளூஸ்கை தளம் அவ்வகை அடையாளத்தின் மீதே எழுந்தது; அங்கு ஒருவர் தம் சொந்த முகவரியையே தம் பெயராக வைத்துக்கொள்ளலாம்.

இவற்றிலும் குறையில்லை என்று கூறுவதற்கில்லை. டொமைன் எனப்படும் சொந்த முகவரியும் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்திப் பெறும் குத்தகையே. செலுத்தத் தவறினால் பிறர் கைக்குச் செல்லும். சாவியைத் தாமே வைத்திருக்கும் முறைகளில், அது தொலைந்தால் மீட்டுத்தர எவரும் இல்லாமற்போகலாம். உரிமை என்பது பொறுப்பையும் உடன் சுமந்தே வருகிறது. ஆயினும் குத்தகை வீட்டிற்கும், பிறர் வீட்டுத் திண்ணைக்கும் வேறுபாடு உண்டன்றோ?

ஆகவே கவிஞர்கள் செய்யத்தக்கவை சில. எழுதும் பெயருக்கு ஒரு சொந்த முகவரியைப் பெற்று, கவிதையை முதலில் அங்கே இடுதல் வேண்டும். பிற தளங்கள் அதன் படிகளாக அமையட்டும். இயற்பெயரில் நடக்கும் வங்கி அலுவல்களுக்கும் புனைபெயரில் நடக்கும் இலக்கிய அலுவல்களுக்கும் வெவ்வேறு மின்னஞ்சல் வைத்தல் நன்று. எழுதியவற்றின் படி எப்போதும் தம் கையில் இருத்தல் வேண்டும். தனியே முகவரி பேண இயலாதவர்க்கு, வட்டமே ஒரு முகவரியைப் பெற்று அதன்கீழ் உறுப்பினர்தோறும் ஒரு பக்கம் வழங்கலாம். முகம் அறிந்தவர், முகம் அறிந்தவர்க்குத் தரும் சான்றினும் உறுதியான சான்று வேறு எது?

சங்கப் புலவர் சிலரின் இயற்பெயர் மறைந்துபோயிற்று. அவர்கள் பாடிய தொடர்களே செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் என அவர்க்குப் பெயர்களாயின. பெயர் போனபோதும் பாட்டு நின்றது. தொகுத்தோர் அப்பாட்டிலிருந்தே பெயரை மீட்டனர். இணையத்திலோ கணக்கு அழிந்தால் பெயரோடு பாட்டும் உடன் அழியும். மீட்பதற்கு ஓலையும் எஞ்சாது. அன்று தொகுத்துக் காத்தோர் செய்த பணியை இன்று ஏற்க வேண்டியவை இத்தகைய வட்டங்களே. பத்தாண்டு நிறைந்த இவ்வட்டம் தன் கவிஞர்களின் பாட்டையும் பெயரையும் ஒருசேரக் காத்து, நூறாண்டு காண்க!